ஒரு சாண் உயரம்

எஞ்சினின் மூச்சுக்குழாயைக் கழற்றி இரண்டு வாயையும் அடைத்த மூன்றாம் நாள், மெக்கானிக்கின் பழைய கார் தரையை விட்டு ஒரு சாண் எழும்பி நின்றது. அன்று வெள்ளிக்கிழமை, லேசான தூறல். அடைத்தது மனைவிக்காகத்தான். மாடிப்படியில் விழுந்து முதுகெலும்பு பிசகியதிலிருந்து மூன்று வருடமாக அவள் ஜன்னலைத் தாண்டவில்லை. கார் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் உயிர் போய் உயிர் வரும். போதாததற்கு எண்ணெய் நாற்றம் வேறு. நாற்றத்தையாவது ஒழிப்போம் என்று, எண்ணெய்ப் புகையை மறுபடி எஞ்சினுக்கே ஊட்டும் அந்தக் குழாயில் கைவைத்தார். பக்கத்துப் பட்டறைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மூச்சை அடைத்தால் எஞ்சினின் ரப்பர் சீல் பிதுங்கி எண்ணெய் ஒழுகும், சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் சீல் மாட்டியவர் யார்? சர்க்கரை டப்பாவை மூடினால்கூட வீடே சேர்ந்து திறக்கவேண்டிய அளவுக்கு முறுக்குகிற மனிதர். வெளியேற வழியில்லாத மூச்சு வண்டியைத் தூக்கிவிட்டது, அவ்வளவுதான்.

சக்கரம் காற்றில் சுற்ற, கார் சமர்த்தாகப் போனது. எஞ்சினில் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியைக் கொஞ்சம் கிளப்பிவிட்டால், அடைபட்ட மூச்சு வெளியேறி உஸ்ஸென்று இறங்கும். அதற்கு ஒரு கம்பியைக் கட்டி சீட்டுவரை இழுத்துவைத்தார். மனைவியைப் பின்சீட்டில் உட்காரவைத்து, இருப்பதிலேயே கேடுகெட்ட சாலையில் ஓட்டினார். வலிக்கிறதா என்று பத்தடிக்கொரு தரம் கேட்டார்.

"வலி இல்ல. உங்க வாய்தான் தொல்லை. ஓட்டுங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியில்தான் ஈரம் என்று வைப்பரைப் போட்டுச் சமாளித்தார்.

வருடாந்திரச் சோதனை வந்தது. குழாயை மாட்டு, இல்லாவிட்டால் வண்டி காயலான் கடைக்கு என்று அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாட்டினால் வண்டி இறங்கிவிடும். மனைவிக்கு மறுபடி அதே ஜன்னல்தான். அவளோ பின்சீட்டில் மெல்ல நகர்ந்து இடம் விட்டாள்.

"ஏறுங்க சார். ஒரு சுத்து வந்துட்டு, அப்புறம் உங்க மனசுபோல எழுதுங்க."

பதினோரு வேகத்தடை, ஒரு ரயில்வே கேட், குழாய் பதிக்கத் தோண்டிப்போட்ட தெரு. பாதியிலேயே அதிகாரி குறட்டை விட ஆரம்பித்தார். திரும்பி வந்து எழுப்பியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு படிவத்தில் எழுதினார்: மூச்சுக்குழாய் இல்லை, தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி தாராளம், தகுதி உண்டு.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் ஓடிவிட்டது. வாசலில் ஏறி இறங்க ஒரு முக்காலி கிடக்கிறது. பட்டறைக்காரர் இன்னமும் சீல் ஒழுகும் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். தினமும் நாலு மணிக்கு வண்டி கிளம்பும். எங்கே போகலாம் என்பதை அவள் சொல்வாள், அவர் ஓட்டுவார். காருக்கடியில் படுக்கும் தெருநாய்க்கு, வண்டி எழும்பிப் போனாலும் தூக்கம் கலைவதில்லை.