மேடைப் பாத்தி மண்

மழை விட்டிருந்தது. துணி காயப்போடக் கொல்லைப்பக்கம் போனவள், கொட்டகைக்குப் பின்னால் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளத்தைப் பார்த்தேன். மூடியிருந்த தகரத்தைக் காற்று தள்ளிவிட்டிருந்தது. ஓரமெல்லாம் மண்வெட்டித் தடம். 

எங்கள் வீட்டுக்காரர் பேட்டரி மெக்கானிக். இருபது வருடமாகச் செத்த பேட்டரிகளை உடைத்தது இந்தக் கொல்லையில்தான். மகளுக்கு இரண்டு தடவை கரு கலைந்துவிட்டது. மூன்றாவது தங்கியதும், நம்மோடு இருந்து கொல்லைக் காய்கறி சாப்பிட்டால் உடம்பு தேறும் என்று கூட்டிவந்தேன். ஆஸ்பத்திரி நர்ஸம்மாதான், பேட்டரி உடைத்த இடமா, முதலில் மண்ணைச் சோதியுங்கள் என்றாள். ஒரு டப்பாவில் மண்ணெடுத்துக்கொண்டு நான்தான் போனேன்.

"ஆசிட் மழையில கரைஞ்சு போயிடும்மா, பேட்டரித் தகட்டு ஈயம் போகாது," என்றார் மண் பரிசோதிக்கிறவர். "வயித்துப் பிள்ளைக்கு அது ஆகவே ஆகாது. தரையில எதுவும் போடாதீங்க. மேடைப் பாத்தி கட்டி, அடியில தடுப்பு விரிச்சு, வெளி மண்ணு கொட்டிப் பயிர் வைங்க."

வீட்டுக்கு வந்து இவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். "நீங்க ஊத்துன விஷம் மண்ணெல்லாம் இருக்காம்! மேடை கட்டுங்க. வேற மண்ணு போடுங்க." ஈயம் என்று சொன்னேனா? இல்லை. கத்துகிற அவசரத்தில் அது பெரிதாகப் படவில்லை. என் வாய் அப்படி.

தரையில் போட்டால்தான் வேர் ஓடும் என்று எப்போதும் வாதாடுகிற மனுஷன், அன்றைக்கே வேலையில் இறங்கினார். செங்கல் அடுக்கினார். நான் விடிந்ததும் தையல் கம்பெனிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவேன். பத்தாம் நாள் பாத்தி நிறைய மண் இருந்தது. "மண்ணு வந்துடுச்சா?" என்றேன். "ம்," என்றார். அதில் விதைத்த கீரையைத்தான் இரண்டு மாதமாக மகள் தினமும் சாப்பிடுகிறாள்.

ஈரத்துணியைத் தரையில் போட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"இந்த மண்ணு எங்க போச்சு?"

"பாத்திக்குத்தான்." அவருக்கு ஒளிக்கவே தெரியவில்லை. "ஊரான் மண்ணுல என்ன கலந்திருக்கோ, யாருக்குத் தெரியும்? நம்ம மண்ணையே கழுவி எடுத்தேன். ஆப்பத்துக்குப் போடுவோமே, அந்தச் சோடாப்பூ கரைச்சு ஊத்தி, டிரம் டிரம்மா. ஆசிட் இருந்தா பொங்கும்ல, அந்த நுரை நிக்கிற வரைக்கும் விடல. பேட்டரி வழிஞ்சா அப்படித்தானே சுத்தம் பண்ணுவோம்? எம் பொண்ணு சாப்பிடப் போறா, சும்மா விடுவேனா?"

பத்து நாள். இடுப்பு வலியோடு, ஒற்றை ஆளாக. திட்ட வந்தவள் குரலைத் தணித்துக்கொண்டேன்.

"அது ஆசிட்டுக்குங்க," என்றேன். "மண்ணுல இருக்கிறது ஈயம்."

அவர் என்னையே பார்த்தார். ஈயத்தைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எத்தனை தடவை உருக்கியிருக்கிறார்.

"ஈயம்னு நீ சொல்லவே இல்லையே."

கொட்டகைக்குள் ஓடி, சோடாப்பூ டப்பாவோடு வந்தார். கீரையை இரண்டு கையாலும் விலக்கி, ஈர மண்ணில் பிடிபிடியாகக் கொட்டினார். "பாரு... நுரையே இல்ல. பாரேன்."  வெள்ளைப் பொடி கொட்டின இடத்திலேயே கிடந்து நனைந்தது.

மகள் வாசற்படியில் வந்து நின்றாள். ஒரு கை இடுப்பில், ஒரு கையில் கீரை பறிக்கிற கூடை.

"என்னப்பா அது, உரமா?"

அவர் டப்பாவைக் கீழே வைக்காமல் நின்றார். அவள் பாத்தியை நோக்கி இறங்கி வந்துகொண்டிருந்தாள்.