மூன்றாம் பக்கத்தில் ஓர் ஓட்டை

1

இந்தக் கதையின் மூன்றாம் பக்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. என் கதைகளில் ஓட்டை இருப்பதாக நண்பர்கள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இது அந்த ரகம் இல்லை. நிஜமான அம்பு துளைத்துப் போனது, பென்சிலை விட்டால் நுழையும்.

எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு வீடு செங்கல்பட்டில், வேலை கல்பாக்கத்தில். நடுவே திருக்கழுக்குன்றம் சாலையில், சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு வில்வித்தைக் களம். ஒரு மாலை என் ஸ்கூட்டர் அதன் வாசலில் பஞ்சரானது. கதை கிடைக்காமல் எட்டு மாதமாக அலைந்துகொண்டிருந்தவள் நான். பஞ்சர் ஒட்ட ஆள் வரும்வரை என்ன செய்வது என்று உள்ளே போனேன். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன்.

அவர்கள் வைத்திருப்பது கோயில் சிற்பத்தில் நாம் பார்க்கும் வில் இல்லை. காம்பவுண்ட் வில். இரண்டு முனையிலும் சக்கரம், குறுக்கும் நெடுக்குமாக நாண்கள், குறி பார்க்கக் கண்ணாடி. வாங்கினால் மட்டும் போதாது, டியூன் செய்தாக வேண்டும். களத்தில் அதைச் செய்கிறவன் திருநாவுக்கரசு, எல்லோருக்கும் அரசு. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்துவிட்டு நேரே இங்கே வந்து, போல்ட் திருகும் ஆலன் கீயைக் கையில் எடுத்துவிடுவான்.

அம்பின் வேகத்தைப் பார்க்க குரோனோ என்றொரு சின்னக் கருவி இருக்கிறது. அம்பு அதைக் கடந்தால், நொடிக்கு எத்தனை அடி என்று காட்டும். அம்பு நேராகப் போகிறதா என்று பார்க்க வெறும் தாள் போதும். ஆறடி தள்ளி ஒரு சட்டத்தில் தாளை மாட்டி அதன் வழியே அம்பு விடுவார்கள். நேராகப் போனால் வட்டமாக ஓர் ஓட்டை, சுற்றி மூன்று இறகின் கீறல். வால் ஆடிக்கொண்டு போனால் தாள் ஒரு பக்கமாகக் கிழியும். எந்தப் பக்கம் என்று பார்த்து வில்லைத் திருத்துவார்கள்.

(செய்தித்தாள் கண்டபடி கிழிகிறது என்று அரசு குறைப்பட்டான். நான்தான் பெருந்தன்மையாக, "எங்க வீட்ல வேண்டாத தாள் கட்டுக் கட்டா இருக்கு, தர்றேன்" என்றேன். விலைபோகாத என் கதைகள் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. யாருக்காவது பயன்படட்டுமே.)

2

நாயகி தேவிப்பிரியா. வயது இருபத்தாறு, ஊர் கோவளம். அம்மா பார்வதம் கரையில் மீன் எடுத்து, கொக்கித் தராசோடு தெருத்தெருவாகப் போய் விற்கிறவர்.

முதல் தொடக்கம்: "கோவளத்துக் கடலில் சூரியன் எழும்போது தேவிப்பிரியாவின் வில்லும் –" சீ, அடித்தாயிற்று.

இரண்டாம் தொடக்கம்: "அவள் வில்லை எடுத்தால் காற்றே ஒரு கணம் –" காற்று அப்படியெல்லாம் நிற்காது. அது பாட்டுக்கு அடிக்கும், அம்பு விலகும்.

மூன்றாம் தொடக்கம்: "மாநில அணியில் நான்கு இடம். போன வருடம் தேவிப்பிரியா ஐந்தாவது."

இது நிற்கட்டும். ஐந்தாவதாக வந்த ஆத்திரத்தில், அந்த வாரமே வில்லின் பாரத்தை ஏற்றி இழுத்துத் தோளைக் கிழித்துக்கொண்டாள். தசை இன்னொரு முறை கிழிந்தால் வில்லை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐந்து மாதம் வீட்டில் கிடந்தாள். திரும்பி வந்த அன்றே அரசுவிடம் பழைய ஐம்பத்திரண்டு பவுண்டு பாரத்தையே வை என்று நின்றாள். இந்த வருடத் தேர்வு வருகிற ஞாயிற்றுக்கிழமை, மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம், கடலோர மைதானம் ஒன்றில். அவளுக்கு அந்த நாலாவது இடம் வேண்டும். தோளும் வேண்டும். எனக்கும் அவளுக்கு இரண்டும் கிடைக்கவேண்டும் என்று இருக்கிறது. கதை எழுதுகிறவள் இப்படிப் பட்சபாதம் பார்க்கக்கூடாதாம். பார்க்கிறேன், என்ன இப்போது?

3

(ஓட்டை விழுந்த பக்கம் இதுதான்.)

"மேடம், ஒண்ணு சொல்றேன். கதைல கிதைல போட்டுடாதீங்க" என்றான் அரசு.

போடமாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

"தேவிப்பிரியா வில்லுல போல்ட்ட ரெண்டு சுத்து எறக்கிட்டேன் மேடம். ஒண்ணரை மாசமாச்சு. அவ அம்பத்திரண்டு பவுண்டு இழுக்கறதா நெனச்சிக்கினு கீறா. நாப்பத்தேழுதான் கீது."

"வேகம்?"

"எரநூத்தி எழுவத்தொண்ணு இருந்துது. இப்போ எரநூத்தி அம்பத்தொம்போது. அவளுக்குத் தெரிஞ்சிடப் போவுதுன்னு குரோனோ ரிப்பேர்னு சொல்லி பெட்டில போட்டு மூடிட்டேன். குறிக்கண்ணாடில அளவு டேப்பையும் மாத்தி ஒட்டிட்டேன்." வேகம் குறைந்தால் அம்பு இன்னும் தாழ்வாக விழும். அதற்கேற்பக் கண்ணாடியின் அளவுகளும் மாறவேண்டும்.

"அவகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா செய்வான்னு ஒங்களுக்குத் தெரியாதா? இன்னும் ரெண்டு சுத்து ஏத்துண்ணான்னு வந்து நிப்பா. அன்னிக்கு அவ தோளப் புடிச்சிக்கினு ஒக்காந்தத நான் பார்த்தேன் மேடம். என்னால இன்னொரு வாட்டி பாக்க முடியாது." துணியால் ஆலன் கீயைத் துடைத்தான். "இப்போ பாருங்க, அம்பெல்லாம் ஒரே எடத்துல ஒக்காருது. காத்து மட்டும் அடிக்காம இருக்கணும். மெதுவா போற அம்ப காத்து ஈஸியா தள்ளிக்கினு பூடும்."

அரசுவை முதலில் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. மகானாக எழுதினேன், எனக்கே சிரிப்பு வந்தது. அவளைக் கேட்காமல் அவள் வில்லைத் திருகியது தப்பு. அவள் தோளுக்காகத்தான் திருகினான் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுத எனக்கு வரவில்லை.

4

சத்தியம் செய்தவள் என்ன செய்தேன்? வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூட இறக்காமல் எழுத உட்கார்ந்தேன். என்னைப் போன்றவர்களிடம் ரகசியம் சொல்கிறவர்களைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது.*

எழுதியதைத் திருத்துவதற்காக அச்செடுத்து மேசைமேல் வைத்தேன். புதன்கிழமை வழக்கம்போல் ஒரு கட்டு வேண்டாத தாளைக் களத்தில் கொடுத்துவிட்டுப் போனேன். வியாழன் மதியம் அலுவலகத்தில் சாப்பிடும்போது கதையை எடுத்துப் பார்க்கிறேன்: ஒன்று, இரண்டு, நான்கு. மூன்று, களத்தில் கொடுத்த கட்டோடு போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும், என் புத்தி எங்கே போகிறது பாருங்கள், நடக்கப் போவதை முன்கூட்டியே எழுத ஆரம்பித்துவிட்டேன்: "தாளைப் படித்த தேவிப்பிரியா விம்மினாள். வில் அவள் கையிலிருந்து நழுவி –"

வாசலில் மணி அடித்தது.

* அரசு, இதைப் படிக்கும்போது என்னைத் திட்டு. நியாயம்தான்.

5

தேவிப்பிரியா. கோவளத்திலிருந்து வண்டியிலேயே வந்திருக்கிறாள், முகமெல்லாம் புழுதி. கையில் மூன்றாம் பக்கம்.

"மொதல்ல அம்பு வுட்டேன். அப்புறந்தான் படிச்சேன்" என்றாள். "ஓட்டையப் பாருக்கா. சுத்தமா வுழுந்துகீது."

உண்மைதான். வட்டம் வட்டமாகவே இருந்தது. நான் என்னென்னவோ உளறினேன். தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று இரண்டு தடவை கேட்டேன்.

"இன்னாக்கா, என்ன ஒண்ணுமே தெரியாத பாப்பா மாரி எழுதி வெச்சிக்கீற?"

"உனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். இழுக்கறது என் கைதானே? அஞ்சு பவுண்டு கொறஞ்சா தெரியாதா? வில்ல வூட்டுக்கு எட்துக்கினு போனேன். அம்மாவோட மீன் தராச வுட்டத்துல கட்டி, கொக்கில நாண மாட்டி, வில்லப் புடிச்சிக் கீழ இழுத்தேன். அம்மாதான் நம்பரு படிச்சுது. 'இருவத்தோரு கிலோ முந்நூறு, இன்னாடி மீனு இது'ன்னுச்சு."

மனதுக்குள் கணக்குப் போட்டேன். நாற்பத்தேழு பவுண்டு. அச்சாக.

"அப்புறம் ஏன் சும்மா இருந்தே?"

தண்ணீரைக் குடித்தாள். சொம்பைக் கீழே வைத்தாள்.

"வலிக்கலக்கா" என்றாள். "அன்னிக்குத்தான் வூட்டுக்குப் போய் சோறு பெசைய கை வந்துச்சு. எறக்குண்ணான்னு நானா கேக்க எனக்கு வாய் வராது. அவரே எறக்கிட்டாரு. சரின்னு வுட்டுட்டேன். குரோனோ ரிப்பேர்னு சொல்லசொல்ல அவரு மூஞ்சியப் பார்த்திருக்கணும் நீ. எனக்கே பாவமா பூட்ச்சு."

ஒன்றரை மாதமாக அரசு அவளுக்குத் தெரியாமல் அவளைக் காப்பாற்றுகிறான். அவள், தெரியாதவள்போல் இருந்து, இவனைக் காப்பாற்றுகிறாள். நடுவில் நான் ஒருத்தி, தாள் கட்டோடு.

"இந்தக் கதையைக் கிழிச்சுப் போட்டுடறேன்மா."

"கிழிக்காத. அச்சுல போடு. தேர்வு முடிஞ்சப்புறந்தானே வரும்? அண்ணாவுக்கு நேர்ல சொல்ல எனக்கு வராது, படிச்சுத் தெரிஞ்சிக்கட்டும். நான் ஏமாந்தேன்னு மட்டும் எழுதாத."

ஆகவே நான்காம் பகுதியில் அவள் விம்மும் வாக்கியம் பொய். என் புத்தி உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் அங்கேயே விட்டுவைத்திருக்கிறேன்.

6

முடிவுகள்.

அ) காற்றே இல்லை. நாற்பத்தேழு பவுண்டிலேயே அவள் நான்காவது. (நான் ஆசைப்படும் முடிவு. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

ஆ) காற்று அடிக்கிறது. வில்லை அவள் தொடவில்லை. மறுபடியும் ஐந்தாவது.

இ) காற்று அடிக்கிறது. இரண்டு சுற்று ஏற்றுகிறாள். அம்பெல்லாம் இலக்கின் நடு மஞ்சளில். கடைசி அம்புக்கு நாணை இழுக்கும்போது –

என்னால் முடியாது. எழுதமாட்டேன்.

புறப்படும்போது தேவிப்பிரியா பையிலிருந்து ஓர் உறையை எடுத்து என் கையில் வைத்தாள். உள்ளே ஓர் ஆலன் கீ, சுருட்டிய பழைய அளவு டேப்.

"டேப்ப அண்ணா குப்பைல போட்டாரு. நான் எட்து வெச்சிக்கினேன்" என்றாள். "ஞாயித்துக்கெழம கடல்லேர்ந்து கொண்டல் காத்து கெளம்புச்சுன்னா எனக்குக் கை அரிக்கும்க்கா. ரெண்டு சுத்து ஏத்திடுவேன். நீ அங்க வருவல்ல? இத நீயே வெச்சிக்கோ. கேட்டாலும் குடுக்காத."

வண்டியைக் கிளப்பிவிட்டாள். தெருமுனை வரை போனவள் நிறுத்தி, திரும்பி வந்தாள். என்ஜினை அணைக்கவில்லை.

"நெஜமாவே கேட்டன்னா இன்னா செய்வ?"

என் பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

கதையை நாளை, வெள்ளிக்கிழமை, அனுப்பியாக வேண்டும். தேர்வு ஞாயிறு. ஆகவே எனக்கு நிஜமாகவே முடிவு தெரியாது, நடிக்கவில்லை. கொடுக்காவிட்டால் நானும் அரசு செய்ததைத்தான் செய்கிறேன், என்ன, இந்த முறை அவளே சொல்லிச் செய்கிறேன். கொடுத்துவிட்டால், பிறகு அவள் தோளுக்கு ஏதாவது –

பயமாக இருக்கிறது. வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், இந்த உறையை வைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. இத்தனை தூரம் கூட வந்துவிட்டீர்கள். இந்தாருங்கள், பிடியுங்கள்.

ஞாயிறு, மணி பதினொன்று. மைதானத்துக் கொடி கடல் பக்கமிருந்து கரையை நோக்கி விறைத்து நீள்கிறது. இன்னும் பன்னிரண்டு அம்பு பாக்கி. தேவிப்பிரியா வில்லைத் தாங்கியில் வைத்துவிட்டு உங்களை நோக்கி நடந்து வருகிறாள். கையை மட்டும் நீட்டுகிறாள்.