வலது கைப்பக்கம் வீடு

கிள்ளானில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பதுதான் தாமரைக்கு வேலை. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவள். இடுப்பு வலிக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். அதனால் சனிக்கிழமை காலைகளில் புரோகா மலைக்குப் போக ஆரம்பித்தாள். அங்கேதான் இந்துஜா பழக்கமானாள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரி. தாமரையைவிட ஆறேழு வயது மூத்தவள். அரசாங்கப் பல் மருத்துவமனையில் தாதியாக இருந்து, படுக்கையில் விழுந்த அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காகச் சீக்கிரமே வேலையை விட்டவள். அப்பா கந்தப்பு போன வருஷம் தவறிவிட்டார். அதற்குப் பிறகு இந்துஜா எந்த மலை என்று கேட்காமல் எல்லா மலையும் ஏறினாள்.

ஹைக்கிங் சங்கம் நீண்ட நடை ஒன்றுக்கு ஏற்பாடு செய்தபோது தாமரையின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தது அவள்தான். சுங்கை பூலோவில் கிளம்பி, காடு, குன்று, செம்பனைத் தோட்டம் என்று நகரத்தைச் சுற்றிப் போய்ச் செமினியில் முடிகிற நடை. ஒரு வாரத்துக்கு மேலே ஆகும்.

"என்னால முடியாதுக்கா," என்றாள் தாமரை.

"முடியாதுன்னு நடந்து பார்த்துட்டு சொல்லு லா."

பத்துப் பதினைந்து பேர் கிளம்பினார்கள். காட்டு வழி தெரிந்தவர் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். கூடாரமும் அரிசி பருப்பும் சங்கத்தின் லோரியில் வந்தன. லோரியை ஓட்டியவர் சுகுமாறன். பாதை எங்கெல்லாம் ரோட்டைத் தொடுகிறதோ அங்கெல்லாம் சாயங்காலம் அடுப்பு மூட்டிக் காத்திருப்பார்.

முதல் நாள் சிரிப்பும் போட்டோவுமாகப் போனது. இரண்டாம் நாள் மழை. சின்ன மழை இல்லை, காட்டையே கழுவி ஊற்றுகிற மழை. பாதை ஓடையாக மாறியது. காலணிக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது. காலுறையைக் கழற்றிப் பார்த்தால் குதிகாலில் கொப்புளம், கணுக்காலைச் சுற்றி அட்டைகள். தாமரை அலறியதைக் கேட்டு முன்னால் போனவர்கள் திரும்பி ஓடி வந்தார்கள்.

உடம்பு நோவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. கண்ணில் பட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. மழை விட்டதும் ஒரு முகட்டில் மரங்கள் விலகின. வலது கைப்பக்கம் கோலாலம்பூர் மொத்தமும் தெரிந்தது. கோபுரங்கள், மழை இருட்டில் எரிந்த மஞ்சள் விளக்குகள், நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டிருந்த கார்கள். அதற்கும் அப்பால் புகை மாதிரி தெரிந்ததுதான் கிள்ளான். இமயமலையில் நடக்கிறவர்கள் பாதியில் விட்டுவிட்டு வர வேண்டுமானால் அதற்கே நாலு நாள் நடக்க வேண்டும். இங்கே கீழே இறங்கி ஒரு கிராப் டாக்சி கூப்பிட்டால் போதும், சாயங்காலம் சொந்தக் குளியலறையில் சுடுதண்ணி.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. கணவன் விமலன்.

"வாஷிங் மெஷின்ல எந்த பட்டனை அமுக்கணும்?"

சொன்னாள். சொல்லும்போதே மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன, அழுவுறியா? முடியலன்னா வந்துடு. மீன் கறி வச்சிருக்கேன், உப்புதான் கொஞ்சம் கூட."

சாயங்காலம் லோரியைப் பார்த்ததும் நேராகச் சுகுமாறனிடம் போனாள்.

"அண்ணே, நான் போறேன். காலையில உங்க லோரியில ஏறிக்கிறேன்."

"சாப்பிட்டீங்களா?"

"பசிக்கல."

"சாப்பிட்டுட்டு சொல்லுங்க. வெறும் வயித்துல சொல்றதை நான் காதுல வாங்கிக்கறதில்ல."

சோறும் சார்டினும் சாப்பிட்டாள். தட்டைக் கழுவிவிட்டு வந்து, "இப்பவும் போகத்தான் போறேன்," என்றாள்.

"சரி. தூங்கி எழுந்து சொல்லுங்க."

கேட்டுக்கொண்டிருந்த இந்துஜா கூடாரத்துக்குள் தாமரையின் காலை மடியில் எடுத்து வைத்து, கொப்புளத்தைத் துடைத்து, மருந்து போட்டுத் துணி சுற்றினாள். பல வருஷம் ஒருவரைத் தூக்கி, திருப்பி, துடைத்துவிட்ட கை. தாமரை அப்படியே தூங்கிப்போனாள்.

காலையில் வெயில் அடித்தது. ஈரக் காலுறையை மாட்டும்போது உடம்பு கூசியது. ஆனால் லோரிப் பக்கம் போக மனம் வரவில்லை. மதியம் வரைக்கும் பார்ப்போம் என்று நினைத்தாள். மதியம் வந்ததும் சாயங்காலம் வரைக்கும் என்றாள்.

மற்றவர்களில் சிலர் போனார்கள். ஒரு புருஷன் பெண்டாட்டி முட்டி வலி என்று இறங்கிக்கொண்டார்கள். வங்கியில் வேலை செய்த ஒருவன், "எல்லாம் ஒரே மரம் அண்ணே, போரடிக்குது," என்று சொல்லிவிட்டுப் போனான். அவனை யாரும் கேலி செய்யவில்லை. ஆளாளுக்கு அன்றைக்கு ஒரு முறையாவது அதே எண்ணம் வந்திருந்தது.

இந்துஜாவுக்கு மட்டும் வரவே இல்லை என்றுதான் தாமரை நினைத்திருந்தாள். எப்போதும் முன்னால் நடப்பாள். ஏற்றத்தில் மூச்சு வாங்காது. ராத்திரி கடைசியாகப் படுத்து விடியற்காலை முதலில் எழுவாள். ஒரு நாள் தாமரை கேட்டாள்: "உங்களுக்கு வீட்டு ஞாபகமே வராதாக்கா?"

"எனக்கு யார் இருக்கா அங்க?" என்றாள் இந்துஜா. "கதவைத் திறந்தா மருந்து வாடை. இன்னும் போகல. நடக்கிறப்பதான் மூச்சு விட முடியுது."

பாதி தூரம் தாண்டிய பிறகு ஒரு நல்ல காலை வந்தது. குளிர்ந்த காற்று, கொப்புளம் ஆறிய கால், தோட்டத்து ஓரத்தில் ஒரு ஒட்டுக்கடை. எல்லாரும் உட்கார்ந்து பசியாறினார்கள். தேங்காய்ப்பாலில் வெந்த சூடான நாசி லெமாக் சோறு, பால் விடாத தே ஓ. கடைக்குப் பக்கத்தில் லோரி நின்றது. கடைக்காரப் பெண் ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டே முட்டை பொரித்தாள். கீழே பனி கலைந்து நகரம் மெல்ல மெல்ல வெளியே வந்தது.

இந்துஜா ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வாய் சோற்றையும் வழித்துச் சாப்பிட்டாள். பிறகு சொன்னாள்:

"தாமரை, நான் வீட்டுக்குப் போறேன்."

தாமரை சிரித்தாள். பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

"என்னக்கா? கால் வலியா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கேன்." இந்துஜா பேச்சைத் தேடித் தேடிப் பேசினாள். "காலையில எழுந்ததும் அப்பாவோட ரூம் ஞாபகம் வந்துச்சு. எப்பவும் அவர் படுத்திருக்கிற மாதிரிதான் வரும். இன்னைக்கு அந்த ஜன்னல் மட்டும் வந்துச்சு. அதுல ட்ரெயின் போறது தெரியும், உனக்குச் சொல்லியிருக்கேனா? வீட்லயே நல்ல ஜன்னல் அதான். அங்க என் கட்டிலைப் போட்டுக்கலாமேன்னு தோணுச்சு. சுவத்துக்கு வேற சாயம் அடிக்கலாம். எனக்கு வீட்டுக்குப் போகணும் போல இருக்கு, தாமரை. இவ்வளவு நாள்ல இப்பதான் முதல் தடவை."

இன்னும் மூன்று நாள்தானே, நடந்து முடித்துவிட்டே போகலாமே என்று தாமரைக்கு வாய் வரைக்கும் வந்தது.

சுகுமாறன் அதைச் சொல்லியே விட்டார். "இவ்வளவு தூரம் வந்துட்டீங்களே, சிஸ்டர். முடிச்சிடலாமே?"

"சாப்பிட்டுட்டுதான் சொல்றேன் அண்ணே," என்றாள் இந்துஜா. "நல்லா தூங்கியும் எழுந்தாச்சு."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே லோரிச் சாவியை எடுக்கப் போனார்.

லோரியில் டிரைவர் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரலாம். தாமரை அந்த இடத்தையே பார்த்தாள். அக்கா கூப்பிட்டுத்தான் அவள் வந்தாள். அக்காவின் முதுகைப் பார்த்துத்தான் இவ்வளவு தூரம் நடந்தாள். அக்கா போகும்போது கூடப் போனால் யாரும் ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை. விமலன் சந்தோஷப்படுவான்.

"நீயும் வரியா?" என்று இந்துஜாவே கேட்டாள். கட்டாயப்படுத்துகிற குரல் இல்லை. வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்கிற மாதிரி.

தாமரை யோசித்தாள். அவளுக்கு வலி இல்லை. பயம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. தோட்டத்துக்குப் பின்னால் ஏறிய பாதை ஒரு பெரிய பாறையைச் சுற்றி மறைந்தது. அந்தப் பாறைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. சின்னப்பிள்ளை ஆசைதான். வெட்கமாகக்கூட இருந்தது.

"நான் கொஞ்சம் போயிட்டு வரேன்கா," என்றாள்.

இந்துஜா எழுந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். தன் பையிலிருந்த காய்ந்த காலுறைகளையும் மருந்தையும் எடுத்து அவள் பையில் திணித்தாள். கடைசி நாள் செமினிக்கு வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள். லோரி தூசி கிளப்பிக்கொண்டு வளைவில் மறைந்தது.

பாறைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பாறைதான் இருந்தது. தாமரை வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்த மூன்று நாளும் சுலபமாக இருக்கவில்லை. பார்த்து நடக்க அக்காவின் முதுகு இல்லாததால் பாதையைத் தானே பார்க்க வேண்டியிருந்தது. முன்னால் போனவர்கள் கண்ணுக்கு மறைந்த ஒரு இடத்தில் தவறான பக்கம் திரும்பி, கூடவே வந்த இரண்டு பெண்களையும் செம்பனைக் காட்டுக்குள் சுற்ற வைத்தாள். இன்னொரு முறை மழை பிடித்தது. போன தடவை மாதிரியே அழுகை வந்தது. அழுதுகொண்டே நடந்தாள். மழையும் நின்றது, அழுகையும் நின்றது. எது முதலில் நின்றது என்று அவளுக்குத் தெரியாது. அன்று விமலன் கூப்பிட்டபோது, "எப்ப வர?" என்று கேட்டான். "நடந்து முடிச்சதும்," என்றாள். தன் குரல் அவ்வளவு சாதாரணமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கடைசி நாள் பாதை செமினிப் பக்கம் ஓர் ஆற்றங்கரையில் வந்து முடிந்தது. வரவேற்பு வளைவும் இல்லை, மாலையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. தாமரை காலணியைக் கழற்றி, வீங்கிய கால்களைத் தண்ணீரில் விட்டாள். பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த அம்மாள் அவளுடைய சேறு படிந்த பையைப் பார்த்தாள்.

"எங்கேருந்து வரீங்க?"

"சுங்கை பூலோ."

"ஐயோ, தூரமாச்சே. ரோட்டுல ஜாம் எப்படி?"

"ஜாம் இல்ல. நடந்து வந்தேன்."

அந்த அம்மாள் ஒரு நிமிஷம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லா பேசுறீங்க," என்று சொல்லிப் பெரிய தர்ப்பூசணித் துண்டு ஒன்றை நீட்டினாள். தாமரையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். சாறு முழங்கை வரை வழிந்தது.

சற்று நேரத்தில் இந்துஜா வந்து சேர்ந்தாள். முகமெல்லாம் களைப்பு. கை விரல்களில் பச்சைச் சாயத் துளிகள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவளும் தண்ணீரில் காலை விட்டாள்.

"முடிக்கலையேன்னு வருத்தமா இல்லையாக்கா?"

"நேத்து சாயங்காலம் கொஞ்சம் இருந்துச்சு," என்றாள் இந்துஜா. "இன்னைக்கு இல்ல. பழைய கட்டிலைத் தூக்கப் பக்கத்து வீட்ல நாலு பேர் வந்தாங்க. எல்லாருக்கும் தோசை சுட்டுக் கொடுத்தேன். வீட்ல சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு. உனக்கு எப்படி இருந்துச்சு?"

தாமரை யோசித்தாள். சொல்ல நிறைய இருந்தது. தவறிய பாதை, மழை, இரண்டாவது பாறை.

"நல்லா இருந்துச்சுக்கா," என்றாள். "பசிக்குது."

அந்த அம்மாள் இந்துஜாவுக்கும் ஒரு துண்டு வெட்டினாள்.