திரும்பி வரும் பொறி

ஒரே கணிப்பொறிக்குள் மூன்று கணிப்பொறிகள் இயங்குவதாகப் பாவனை செய்யும் நிரலை எழுதுவது ஜெசிந்தாவின் வேலை. கடலோர ஆய்வு மையம் ஒன்றில் அமையவிருந்த குளிர்நீர்த் தொட்டிகளை அம்மூன்றும் ஆளுக்கொன்றாக, நொடி தவறாமல் கவனிக்க வேண்டும். ஒன்று பேச்சற்றுப்போனால் மற்ற இரண்டும் அதன் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும். அதுவரை குறையில்லை. செத்தது பிழைத்து வரும்போதுதான் சிக்கல். மற்றவை ஏற்கெனவே ஒரு சுற்றுத் திறந்துவிட்ட வால்வை, நடந்ததறியாமல் அது இன்னொரு சுற்றுத் திறக்கும். பாவனைத் தொட்டி நிரம்பி வழியும்.

"போனது போனதாவே இருக்கட்டும்மா. திங்கக்கிழமைக்குள்ள சரிவரலேன்னா, திரும்பி வர்ற பகுதியையே எடுத்துடுங்க" என்றார் பிரிவுத் தலைவர் கோபாலகிருஷ்ணன்.

பிழைத்து வந்ததைச் செத்ததாகவே விட ஜெசிந்தாவுக்கு மனமில்லை.

செங்கல்பட்டில் தனி அறை எடுத்திருந்தவள், பல வாரங்களுக்குப் பிறகு அந்த ஞாயிறு மாமல்லபுரத்தில் பேருந்து மாறிக் கோவளத்திலிருந்த தன் வீட்டுக்குப் போனாள். வீட்டில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. குழம்புக்கு உப்புப் போடுவது என்றைக்கும் அவள் பொறுப்பு. பழக்கத்தில் ஒரு கை அள்ளிப் போட்டாள்.

அண்ணன் தேவசகாயம் முதல் கவளத்திலேயே நிறுத்தி மனைவியைப் பார்த்தான்.

"இன்னா மார்கரெட், கடலையே மொண்டு ஊத்திட்டியா?"

"நான் அப்பவே அளவாத்தான் போட்டேன். ஒன் தங்கச்சியக் கேளு. ஆபீசரு வந்ததும் வராததுமா ஜாடியத் தொறந்துச்சு."

"ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடக் கூடாதா, ஜெசி?" என்றான் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். குழம்பை மிச்சம் வைக்காமல் தின்றவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் நிரலில் ஒரு விதியைச் சேர்த்தாள். திரும்பி வரும் பொறி எதையும் தொடலாகாது. நடப்பதை ஒரு கண்காணிப்புச் சுற்று முழுவதும் கேட்டறிந்த பின், தன் வேலையை மற்றவற்றிடம் கேட்டு வாங்க வேண்டும்.

தொட்டி வழியவில்லை. கோபாலகிருஷ்ணன் அச்சுத்தாளைப் படித்துப் பார்த்தார்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும்."

அடுத்த ஞாயிறு அவள் ஜாடியின் பக்கம் போகவில்லை. கதவருகே நின்று பார்த்தாள். மார்கரெட் புளி கரைத்தாள், உப்புப் போட்டாள், கூடையிலிருந்த மீனை ஆயத் தொடங்கினாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

"அந்த மீனக் குடு அண்ணி. நான் ஆயறேன்."

"ஒனக்கு இன்னாத்துக்கு இது? பொடவ நாறிப் பூடும். அப்பிடிக் குந்து, வெந்ததும் கூப்டறேன்."

ஜெசிந்தா உட்கார்ந்தாள். கேட்டும் வேலை வராவிட்டால் அந்தப் பொறி என்ன செய்ய வேண்டும் என்பதை விதியில் எழுதாமல் விட்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. செங்கல்பட்டுப் பேருந்துக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது.