நாற்பது பக்கப் பேச்சு

மணிச் சத்தம்தான் முதலில் இறங்கி வந்தது. மலை மேகத்துக்குள் இருந்தது, படிகள்கூடத் தெரியவில்லை. டோலியின் முன்கொம்பைத் தோளில் ஏற்றிக்கொண்டே, மேலே ஆள் குறைகிறது என்றாள் பேச்சியம்மாள்.

அந்த நாட்டில், மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் கீழவை மலையடிவாரத்தில் இருந்தது. மாநிலச் சபைகள் தேர்ந்தெடுத்து அனுப்பும் மேலவை எழுநூறு படிகளுக்கு மேலே. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதில் மூன்றில் ஒரு பங்கினர் இறங்குவார்கள், புதியவர்கள் ஏறுவார்கள். கீழே நிறைவேறிய மசோதாவை டோலியில் வைத்து மேலே சுமந்து போக வேண்டும். பேச்சியம்மாளும் அருளப்பனும் பதினாறு வருடமாகச் சுமந்துகொண்டிருந்தார்கள்.

இன்றைய மசோதா, இரவு வேலைக்குப் போகிறவர்களின் தெருக்களுக்குப் பகலில் ஆறு மணி நேரம் இரவு வழங்குவது. நட்சத்திரங்கள் எந்தத் துறையின் பொறுப்பு என்பதில் கீழவையில் மூன்று நாள் தகராறு. பதினொரு திருத்தங்கள் சேர்ந்ததில் மசோதா ஒரு கன்றுக்குட்டியின் எடைக்கு வந்திருந்தது. சூரியன் மறைந்தால் கீழவையின் ஐந்தாண்டு முடிந்து அது கலைந்துவிடும். அதற்குள் மேலவை நிறைவேற்றாவிட்டால் மசோதா காலாவதி.

பேச்சியம்மாளின் கணவன் குருவையா நூல் மில்லில் இரவு ஷிப்ட். ஒன்பது வருடமாக அவன் ஒழுங்காகத் தூங்கியதில்லை. பகலில் கண்மேல் ஈரத்துண்டைப் போட்டுப் படுத்துக்கொண்டு, தெருவில் போகிறவர் யாரென்று செருப்புச் சத்தத்தை வைத்தே சொல்வான். போன மாதம் மெஷின் முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்து, ஒரு விரல் நுனியைக் கொடுத்துவிட்டு வந்தான்.

நானூறாவது படியில் மேலவை உறுப்பினர் நாச்சியப்பன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மசோதாவை எதிர்ப்பவர். மேலிருந்து காவலாளியின் குரல் வந்தது: இருபத்தைந்து பேர் வேண்டும், இருபத்துநான்கு பேர்தான் இருக்கிறார்கள், மணி அடித்து முடிவதற்குள் இன்னொருவர் வராவிட்டால் சபையை ஒத்திவைத்துவிடுவார்கள்.

நாச்சியப்பன் சிரித்தார். "நான் ஓட்டுப் போடவே வேணாம்மா. இந்தப் படியில உக்காந்திருந்தாலே உன் மசோதா செத்துரும்."

அவருடைய சட்டைப் பையில் மடித்த தாள்கள் பிதுங்கிக்கொண்டிருந்தன. பேச்சியம்மாள் அதைப் பார்த்தாள்.

"பேச்சு எழுதிக்கொண்டாந்திருக்கீக போல. எத்தன பக்கம்யா?"

"நாப்பது."

"இந்தப் படிக்கிட்டயா பேசப் போறீக?"

அவர் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எழுந்து டோலியில் ஏறி, மசோதாவை மடியில் வாங்கிக்கொண்டார்.

"யக்கா, இந்தாளு எதுத்துல்ல ஓட்டுப் போடுவாரு" என்று பின்னாலிருந்து முணுமுணுத்தான் அருளப்பன்.

"எதுத்தாலும் ஒரு ஆளுதானடா. தூக்கு."

முந்நூறு படி. தோள்பட்டை எரிந்தது. டோலிக்குள் அவர் முதல் இரண்டு பக்கத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். அவர் சபைக்குள் காலை வைத்ததும் மணி நின்றது.

அவர் பேசினார். ஜன்னலில் சூரியன் ஒவ்வொரு கம்பியாக இறங்கியது. பேச்சியம்மாள் வாசலில் நின்று பக்கங்களை எண்ணினாள். முப்பத்தோராவது பக்கத்தில், பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் கட்சிக்காரர் ஒருவர் மேசையில் தலை சாய்த்துத் தூங்கிப்போனார். தூங்கும் உறுப்பினர் வந்தவராகவே கணக்கு. அவரை யாரும் எழுப்பக் கூடாது, அது விதி. நாச்சியப்பன் நாற்பதாவது பக்கத்தை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பக்கத்து நாற்காலி வரை போன கை அங்கேயே நின்று, திரும்பி வந்தது.

ஆதரவு பன்னிரண்டு. எதிர்ப்பு பதினொன்று. மீதி, அவைத்தலைவர் ஒருவர், தூங்குகிறவர் ஒருவர். சமமாகியிருந்தால் மசோதா தோற்றிருக்கும். மலைக்கு மேல் சூரியன் இன்னும் ஒரு விரற்கடை மிச்சமிருந்தது.

"நல்ல பேச்சுய்யா" என்றாள் பேச்சியம்மாள். மனதாரத்தான் சொன்னாள்.

"கடைசிப் பத்துப் பக்கம்தாம்மா ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார் அவர்.

அடிவாரத்தில் காத்திருந்த மில் தொழிலாளர்கள் பேச்சியம்மாளை டோலியில் ஏற்றி, ஒவ்வொரு தெருவாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். முதல்தடவையாக அவள் அந்த டோலியில் உட்கார்ந்தாள். ஜனாதிபதி அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அரசுப் பணியாளர்கள் வந்து தெருமுனையிலிருந்து இரவை விரித்துக்கொண்டே வந்தார்கள். கடைசி வீடு பேச்சியம்மாளுடையது. கொல்லையில் இரவு நாலடி பற்றவில்லை. அடுத்த கூட்டத்தொடரில் ஒரு திருத்தம் கொண்டுவந்தால் சரியாகிவிடும் என்று எழுதிக்கொண்டு போனார்கள். உள்ளே குருவையா குறட்டை விட்டான். பேச்சியம்மாள் இருட்டில் தடவித் தடவிப் பின்வாசலுக்கு வந்தாள். துவைக்கும் கல் மட்டும் வெயிலில் இருந்தது. இரவிலிருந்து அதற்கு இறங்கிப் போய், பாதி சோப்புப் போட்டிருந்த சட்டையை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.