இடாப்பில் பெயருள்ளவர்கள்

தொண்ணூற்றேழாம் ஆண்டு கொழும்பு மாநகர சபைத் தேர்தலன்று, டொரொண்டோவிலும் பாரிசிலும் இருந்த அறுபத்தொரு பேர் கொட்டாஞ்சேனைக்கு வந்து வாக்களித்துவிட்டு, விரல் மை காய்வதற்குள் திரும்பிப் போனார்கள். எல்லோருடைய பெயரும் வாக்காளர் இடாப்பில் இருந்தது. வருடாவருடம் கிராம சேவகர் கொடுக்கும் படிவத்தில், வெளிநாடு போன பிள்ளையின் பெயரை விட்டுவிட எந்தத் தாய்க்கும் மனம் வருவதில்லை. விட்டால் பிள்ளை திரும்பாது என்று ஒரு பயம். அதனால் இரண்டு அறை வீட்டிலும் பதினொரு வாக்காளர்கள் இருந்தார்கள்.

வேட்பாளர் சவுந்தரநாயகத்துக்கு அரசியல் ஆசை மருந்துக்கும் கிடையாது. புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் முப்பது வருடம் கிளார்க்காக இருந்து முழங்கால் தேய்ந்தவர். தங்கை மெற்றில்டாவின் மகன் ரெஜினோல்டை இரண்டு வருடத்துக்கு முன் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கேட்ட முகாமிலெல்லாம் அப்படியொரு ஆள் இல்லை என்றார்கள். "கவுன்சிலர் எண்டா வாசல்லயே மறிச்சு அனுப்ப ஏலாதுதானே, அண்ணே" என்றாள் அவள். அவ்வளவுதான், சுயேச்சைக் குழு ஒன்றில் இறங்கிவிட்டார். பிரசாரம் என்று சொந்தக்காரர் வீடுகளில் ஏறி இறங்கி, குடித்த பிளேன்ரீயில் வயிறு புண்ணானதுதான் மிச்சம்.

தேர்தலன்று காலை பத்து மணிக்கு முதல் ஆள் தோளில் பனியோடு வாக்குச்சாவடிக்கு வந்தான். பின்னால் மற்றவர்கள், தடித்த குளிர்ச்சட்டையும் சப்பாத்துமாக. அடையாள அட்டை சரி, பெயரும் சரி. தலைமை அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஹரி, போலிமட்ட எண்ட" என்று சிங்களத்தில் சொல்லி வரிசையைக் காட்டினார். சீனியம்மாவின் மகன், சிறையில் இருந்தவன்கூட, விலங்கோடு வந்து போட்டுவிட்டுப் போனான். செத்தவர்கள் மட்டும் வரவில்லை. ஜனவரியில் மாரடைப்பில் போன பேக்கரி சவரிமுத்துவின் பெயரும் இடாப்பில் இருந்தது. அவர் மனைவி மதியம்வரை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். இதைக் கவனித்த சவுந்தரநாயகம் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். மெற்றில்டாவும் கவனித்திருந்தாள். மகனுடைய வாக்காளர் அட்டையைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள். நான்கு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். ரெஜினோல்ட் வரவில்லை.

சவுந்தரநாயகம் ஐம்பத்திரண்டு வாக்கு வித்தியாசத்தில் வென்றார். கள்ளவாக்கு என்று எதிர்த்தரப்பு முறையிட்டுப் பார்த்தது. ஆனால் அவரவர் தங்கள் வாக்கைத்தான் போட்டிருந்தார்கள். மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, முகாமுக்குப் போகலாம் என்று தங்கையைக் கூப்பிடப் போனார். "இனி என்னத்தைக் கேக்கிறது, அண்ணே. இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றாள். அவர் முன்னறைக் கதிரையில் இருந்து அழுதார். பிறகு பதவிக்காலம் முடியும்வரை சபைக்குப் போய், நான்கு ஒழுங்கைகளின் கழிவுநீர்க் கான்களுக்கு மூடி போட்டுக் கொடுத்தார்.

அடுத்த தேர்தலுக்கு, வாக்குச்சாவடிச் சுவரில் குளிர்ச்சட்டை கொழுவ வரிசையாக ஆணி அடித்துவைத்திருந்தார்கள். மெற்றில்டா வேளைக்கே வந்து தன் வாக்கைப் போட்டுவிட்டு, யாரையும் பார்த்து நிற்காமல் சந்தைக்குப் போனாள்.