மீன் பார்க்க ஓர் ஆள்

தெய்வாத்தாள் படுத்துக்கொண்டிருந்த அறையை இடித்துக் கட்டப் போவதாக அண்ணன் ஆறுமுகசாமி சொன்னபோது, அது தனக்காகத்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்ததில் என்ன தப்பு? பல்லடத்துப் புருஷன் வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து அந்த அறையில்தான் கிடக்கிறாள். மழை வந்தால் ஒரு மூலை ஒழுகும். அண்ணனுடைய கம்பெனியில் பனியன் வெட்டி மிஞ்சிய துணிகளை மூட்டை கட்டி மறு மூலையில் அடுக்கியிருப்பார்கள். நடுவில் ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு தகரப் பெட்டி. அதுதான் அவளுடைய குடித்தனம்.

"நல்லா எடுத்துக் கட்டிப் போட்டரலாம் அம்மிணி. கீழ மொசைக்கு, மேல டியூப்லைட்டு. செவுத்துக்கு என்ன கலர் அடிக்கலாம், நீயே சொல்லு" என்றான் அண்ணன்.

அவளிடம் யாராவது எதையாவது கேட்டே வருஷக்கணக்காகிவிட்டது. வெளிர் பச்சை என்றாள். அன்றெல்லாம் காரணமில்லாமல் சிரித்த முகமாகவே இருந்தாள். கொத்தனார்கள் வேலை செய்த நாட்களில் பக்கத்து இருட்டறையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, விடிந்ததும் முதல் ஆளாகப் போய்ப் புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றினாள். மொசைக் தரையைத் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கும்படி வைத்தாள்.

பிறகு கோயமுத்தூரிலிருந்து லாரி வந்தது. இரும்புச் சட்டம் போட்ட பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றை ஆட்கள் கூடி மூச்சு வாங்க இறக்கினார்கள். ஒரு ஆள் காலை நீட்டி அதில் படுக்கலாம். அதைக் கொண்டுபோய்ப் புது அறையில், சுவரோரம் போட்ட சிமெண்டு மேடை மேல் ஏற்றினார்கள். எதிரே, வருகிறவர்கள் உட்கார்ந்து பார்க்க, ஒரு சோபா வந்தது. தெய்வாத்தாள் நிலைப்படியில் நின்று அறையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"என்ற கட்டலை எங்கீங்கண்ணா போடறது?"

ஆறுமுகசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட சிரிப்பு அல்ல. அவன் கெட்டவன் அல்ல. அதுதான் அவனிடம் இருந்த சங்கடமே. "கட்டலா? இது மீன் ரூமுங் கண்ணு" என்றான்.

விஷயம் இதுதான். மதராஸில் ஒரு பனியன் ஏஜெண்ட் வீட்டில் இப்படி ஒரு தொட்டியை அவன் பார்த்துவிட்டு வந்தான். கல்கத்தா சேட்டுகள் அந்தத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துதான் ஆர்டர் பேசுவார்களாம். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று. திருப்பூரில் அப்போது தெருவுக்குத் தெரு போட்டியாகப் பனியன் கம்பெனி முளைத்துக்கொண்டிருந்த நேரம். ஒருத்தன் அம்பாசிடர் வாங்கினால் அடுத்தவன் மாடி எடுப்பான். ஆறுமுகசாமி காரும் வாங்கி மாடியும் எடுத்தாகிவிட்டது, மீன்தான் பாக்கி.

அவன் மனைவி ரங்காத்தாளுக்கு மீனில் பிரியமும் இல்லை, வெறுப்பும் இல்லை. அவள் கவலை வேறு. மூத்த பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம். சோறு போடும்போது, தெய்வாத்தாள் பக்கத்தில் இருக்கும்போதே, புருஷனிடம் சொன்னாள்.

"ஏனுங்க, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. வாழ வேண்டியவ வந்து அண்ணன் ஊட்டுல உக்காந்திருந்தா, நாளைக்கு நம்ம புள்ளையப் பாக்க வர்றவிய என்ன நெனைப்பாங்க? பல்லடத்துக்காரரும் ஆள் மேல ஆள் உட்டுட்டுத்தான் இருக்கறாரு. இப்ப முந்தி மாதிரி இல்லீங்களாமா."

பல்லடத்துக்காரர் என்றால் ரத்தினசாமி, தெய்வாத்தாளின் புருஷன். நான்கு தறி வைத்திருக்கிறான். வெளியே அவனைப் போல் மரியாதையாகப் பேசுகிறவன் கிடையாது. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாள் அறைந்த அறையில் அவளுக்கு இடது காது போய்விட்டது. அதற்கப்புறமும் ஒரு வருஷம் இருந்து பார்த்தாள். ஒரு முறை கழுத்தைப் பிடித்துத் தறிக்குழிக்குள் அழுத்தினான். அன்றுதான் பஸ் ஏறினாள். இதெல்லாம் அண்ணனுக்கும் தெரியும், நங்கைக்கும் தெரியும். அண்ணன் மனைவியை நங்கை என்றுதான் கூப்பிடுவாள். தெரிந்த விஷயத்தை எத்தனை தடவை சொல்வது?

ஆறுமுகசாமி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மனைவியையும் பகைத்துக்கொள்ளாமல், தங்கச்சியையும் அழ விடாமல் ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும் என்று அவன் திணறியது முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் வழி கிடைத்துவிட்டது.

"மீனைப் பாக்க ஓர் ஆளு வேணுமில்ல?" என்றான். "தீனி போடோணும், தண்ணி மாத்தோணும். கம்பெனி ஆளுக கையில உட்டா ஒரே நாள்ல கொன்னு போட்ருவானுக. மீன் இருக்கற வரைக்கும் தெய்வா பாத்துக்கட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

ரங்காத்தாள் ரசம் ஊற்றினாள். சம்மதம் என்று அர்த்தம். மீன் இருக்கிற வரைக்கும். தெய்வாத்தாள் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வேறு என்ன இருந்தது அவளுக்குப் பிடித்துக்கொள்ள?

மீன்கள் மதராஸிலிருந்து தகர டின்களில் ரயிலேறி வந்தன. எல்லாம் தங்க மீன்கள்; இரண்டு மட்டும் கறுப்பு. தொட்டியோடு வந்த ஆள் காற்று விடுகிற மோட்டாரை மாட்டிவிட்டு, தீனியை விரல் நுனியால் அள்ளிப் போடு, உப்புத் தண்ணீர் ஆகாது, நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்த ஊரில் நல்ல தண்ணீர் மனுஷருக்கே வண்டியில் வர வேண்டும். தெய்வாத்தாள் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். தன் குளியலை உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டாள். காலையில் அவள் சேலை கண்ணாடிக்குப் பக்கம் தெரிந்தாலே போதும், அத்தனையும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஓடிவரும். அவளைக் கண்டு சந்தோஷப்பட இந்த உலகத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள். மீனுக்கு என்ன சந்தோஷம், தீனிக்கு வருகிறது என்று நாம் சொல்லலாம். சொல்வது சுலபம்.

ஒரு வாரம் போவதற்குள் தண்ணீர் கலங்கியது. பழைய பனியனைப் போல ஒரு மஞ்சள். அவள் பாதியை மொண்டு கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினாள். மறுநாள் திரும்பவும் மஞ்சள்.

"என்ன அம்மிணி இது?" என்று ஆறுமுகசாமி கண்ணாடியைத் தட்டினான். "நாளைக்குக் காலைல சேட்டு வர்றாரு. வெள்ளைச் சரக்கு விக்கறவன் ஊட்டுல தண்ணியே மஞ்சக் கட்டிக் கெடந்தா நல்லாவா இருக்கு?" அவன் கோபிக்கவில்லை. ஆனால் ரங்காத்தாள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தெய்வாத்தாள் கணக்குப் போட்டாள். மஞ்சள் போனால் மீன் ரூம் நிலைக்கும். மீன் ரூம் நிலைத்தால் அவள் நிலைப்பாள். மஞ்சள் என்றால் அந்த வீட்டில் பிறந்த யாருக்கும் ஒரே மருந்துதான் தெரியும். அவள் அப்பன் நொய்யல் கரையில் துணி வெளுத்துத்தான் இந்தக் குடும்பத்தை மேலே கொண்டுவந்தார். சின்ன வயசில் அவளும் தொட்டியில் இறங்கி மிதித்தவள். காடாத் துணி எத்தனை மஞ்சளாக வந்தாலும் பிளீச்சிங் பவுடரில் போட்டு எடுத்தால் கொக்கு மாதிரி வெளுத்துவிடும். துணிக்குத்தானே என்று யோசிக்காமல் இல்லை. யோசித்தாள். போன கோடையில் காலரா என்று முனிசிபாலிட்டிக்காரர்கள் வந்து நல்ல தண்ணீர்க் கிணறு அத்தனையிலும் அதே பவுடரைக் கொட்டிவிட்டுப் போனார்களே, ஊரே குடித்ததே, யார் செத்தார்கள்? மனுஷர் குடிக்கிறது மீனுக்கு ஆகாதா?

விடிந்ததும் கம்பெனிக் கிடங்கிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துவந்தாள். அப்படியே கொட்டிவிடவில்லை. மெல்லிய துணிக்குக் கரைக்கிற மாதிரி வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை காத்திருந்து, மேலே நின்ற தெளிவை மட்டும் சொம்பில் மொண்டு பதமாக ஊற்றினாள். அவளால் முடிந்த அத்தனை பக்குவத்தோடும் அதைச் செய்தாள் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அவள் காபி குடித்துவிட்டு வருவதற்குள் மஞ்சள் போயிருந்தது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கும்படி அப்படி ஒரு தெளிவு. மீன்கள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அம்பாகப் பாய்ந்துகொண்டிருந்தன. ஒன்று துள்ளி வெளியே வரப் பார்த்தது. "நங்கையா, இங்க வந்து பாருங்களே, என்னமா வெளையாடுதுகன்னு!" என்று கூப்பிட்டாள். ரங்காத்தாள் வந்து பார்த்தாள். "பரவால்லியே, கெட்டிக்காரிதான்" என்றாள். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததே இல்லை. தெய்வாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஓட்டம் நின்றது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தோள்வரை கையை விட்டு அள்ளி அள்ளி நல்ல தண்ணீர்க் குடத்தில் போட்டாள். குடத்திலும் அவை வயிறு தெரியப் புரண்டன. "போவாதீங்க சாமி, போவாதீங்க" என்று கெஞ்சினாள். மீனிடம் கெஞ்சிய அந்தக் கெஞ்சலை அண்ணனிடம் கெஞ்சியிருந்தால் ஒருவேளை பலித்திருக்கும். எல்லாம் செத்துப்போயின.

ஆறுமுகசாமி வந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டான். திட்டக்கூட நேரமில்லை. சேட்டை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போன கார் வாசலில் ஹாரன் அடித்தது. "கொண்டு போ, கொண்டு போ, பொறத்தால கொண்டு போ" என்று பதறினான். அவள் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடி, கதவிடுக்கில் நின்றாள்.

கல்கத்தா சேட் பருத்த மனிதர். பூண்டு வெங்காயம்கூடத் தொடாதவர். சோபாவில் உட்கார்ந்தவர் எதிரே இருந்த தொட்டியைக் கண்கொட்டாமல் பார்த்தார். எழுந்துபோய்க் குனிந்து பார்த்தார். ஆறுமுகசாமியின் கழுத்தில் வேர்வை இறங்கியது.

"இந்தத் தண்ணிலதான் நீங்க பனியன் வெளுக்கறதா?" என்று தம் தமிழில் கேட்டார்.

ஆறுமுகசாமி ஒரு கணம் விழித்தான். பிறகு, வியாபாரி அல்லவா, "ஆமாங்க சேட்டு" என்றான். "வர்றவிய கண்ணால பாத்துக்கட்டும்னுதான் இப்படி வெச்சிருக்கறனுங்க."

"பலே! எல்லாரும் பனியன் காட்டறான். நீங்க தண்ணி காட்டறீங்க" என்று சேட் அவன் முதுகில் தட்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆர்டர் முடிந்துவிட்டது. ஆறுமுகசாமி கனவிலும் காணாத ஆர்டர்.

சேட் கிளம்பிப் போனதும் வீடே கலகலத்தது. தெய்வாத்தாளுக்கு உயிர் திரும்பி வந்தது. அண்ணனிடம் போய் நின்றாள்.

"தப்பு என்னுதுதானுங்கண்ணா. இந்தத் தடவை மீன் வந்தா கண்ணுல வெச்சுப் பாத்துக்கறனுங்."

"மீனா?" ஆறுமுகசாமி பூரித்துப்போய் நின்றான். "இனி எதுக்கு மீனு? இதுல தண்ணி மட்டும் நின்னாப் போதும். சேட்டுக்கே புடிச்சுப் போச்சு. இனி வர்றவிய எல்லாத்துக்கும் இதையே காட்டலாம்."

"தண்ணி மாத்தோணுமில்லீங்கண்ணா?" என்று அவள் அவசரமாகக் கேட்டாள். "மாத்தாட்டி நாறிப் போயிருமுங்."

"அதைக் கம்பெனி ஆளுக மாத்திக்குவாங்க" என்றாள் ரங்காத்தாள். "தண்ணிக்கென்ன, தீனியா போடோணும்?"

அண்ணன் மனைவியைப் பார்த்தான், தங்கச்சியைப் பார்த்தான். மறுபடி அவனுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. இந்தத் தடவை வழி முன்னாலேயே திறந்து கிடந்தது.

"சாயங்காலம் பல்லடம் பக்கம் எனக்கு வேலையிருக்குது" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "துணிமணியெல்லாம் எடுத்து வெச்சுக்க கண்ணு. நானே கொண்டுபோயி உட்டுட்டு, மாப்பிள்ளைகிட்ட நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு வர்றேன்."

இனி அவள் எதைச் சொல்வது? காதைச் சொல்வதா, கழுத்தைச் சொல்வதா? எல்லாம் தெரிந்தவர்கள்தான் எதிரே நின்றார்கள். புது மொசைக் தரையில் நின்றுகொண்டிருந்தாள். பிறகு போய்த் தகரப் பெட்டியை எடுத்தாள்.

கார் வீரபாண்டி தாண்டும்போதே ஆறுமுகசாமி சந்தோஷத்தை அடக்க முடியாமல் பேச ஆரம்பித்துவிட்டான். சேட் என்ன சொன்னார், தான் என்ன சொன்னான், இனி இன்னொரு கட்டடம் எடுக்க வேண்டும், பெண்ணுக்கு நல்ல இடமாக அமைந்துவிடும். பல்லடம் வரும்வரை அதே பேச்சு. இடது பக்கம் உட்கார்ந்திருந்தவன் பேச்சு அவளுக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

கார் நின்றது. தறிச் சத்தம் கேட்கிற வாசலிலிருந்து ரத்தினசாமி கைகூப்பிக்கொண்டு வந்தான். "வாங்க மச்சான், வாங்க" என்றான் வெகு மரியாதையாக. தெய்வாத்தாள் இருக்கையை விட்டு அசையவில்லை. ஆறுமுகசாமி இறங்கிச் சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தான். அவன் முகம் உண்மையான பாசத்தில் கனிந்திருந்தது.

"எறங்கு அம்மிணி" என்றான். "இத்தனை பெரிய ஆர்டரு, எல்லாம் உன்ற கைராசிதான்."